மருந்து சும்மா குடுக்கிறாங்க, போன நாள்கூலியை யார் குடுப்பாங்க? (கொழும்பு கிராண்ட்பாஸ்ல இருந்து ஒரு காசநோய்க் கதை)

கிராண்ட்பாஸ் பையன் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

எங்க மாமா புறக்கோட்டை 4ஆம் குறுக்குத் தெருவுல நாட்டாமி. முப்பது வருஷமா வெங்காய மூட்டையும் பருப்பு மூட்டையும் சுமந்த தோள். போன வருஷம் இருமல் தொடங்கிச்சு. தூசின்னாரு, பிறகு பீடின்னாரு. அத்தை கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தாங்க. அப்படியே மூணு மாசம் ஓடிருச்சு. ராத்திரியில சட்டை நனையுற மாதிரி வேர்வை, சாரம் இடுப்புல நிக்கல. கடைசியில அத்தை அழுது பிடிச்சு செஸ்ட் கிளினிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சளியில கிருமி இருந்துச்சு. டீபி.

மாமா வீடு எங்க தோட்டத்துல (தோட்டம்னா இங்க வரிசை வரிசையா ஒட்டி நிக்கிற ஏழைங்க குடியிருப்பு) ரெண்டாவது வரிசை. ஒரே அறை, மேல பலகை அடிச்சு ஒரு தட்டு. ஏழு பேர். ஜன்னல் ஒண்ணு இருக்கு, ஆனா அதைத் திறந்தா பின்வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். அதனால அதை மறைச்சு அலுமாரிய வெச்சிருக்காங்க. ராத்திரி கதவைச் சாத்தினா உள்ள இருக்கிற காத்துதான் விடியுற வரைக்கும் ஏழு பேருக்கும்.

மருந்து சும்மா குடுத்தாங்க. அதுல நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முதல் நாள் சிறுநீர் சிவப்பாப் போனதும் ரத்தம்னு பயந்து ஓடினாரு. மருந்தோட நிறம்தான் அதுன்னு நேர்ஸ் அம்மா பொறுமையாச் சொல்லி அனுப்பினாங்க. சிக்கல் வேற இடத்துல. தினமும் காலையில போய் அவங்க முன்னாடி முழுங்கணும். நாட்டாமிக்கு வேலையே விடியக்காலை லொறி வர்ற நேரம்தான். வரிசையில நின்னு மருந்தைப் போட்டுட்டு தெருவுக்கு வந்தா லொறி எல்லாம் இறக்கி முடிஞ்சிருக்கும். அன்னைக்குக் கூலி இல்லை. ஆறு மாசம் இப்படி எப்படிப் போறது? ரெண்டு மாசத்துல இருமல் நின்னுச்சு, உடம்பு தேறிச்சு, மருந்தை விட்டுட்டாரு. இந்த வருஷம் திரும்ப வந்திருச்சு. இப்ப நாலு வயசுப் பேரனுக்கும் கழுத்துல கட்டி, அதுவும் டீபின்னு சொல்லிட்டாங்க.

எழுத வந்த காரணம் இதுதான். முந்தாநாள் நான் வேலை செய்ற கடையில ஒருத்தர் சொன்னாரு: "அந்தத் தோட்டத்து ஆக்கள் சுத்தம் இல்லை, சொன்னாலும் கேக்க மாட்டாங்க, அதான் நோய் விடுறதில்லை." எனக்கு அந்த நேரம் வாய் வரல. எங்க அத்தை ஒரு நாளைக்கு ரெண்டு தரம் தரை கழுவுறவங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க, அவருக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்?

---

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

தம்பி, உங்கட மாமாவின்ர கதை மனசைக் கஷ்டப்படுத்துது. அவர் சுகமாக வேணும்.

ஆனால் எல்லா நோயையும் வறுமையில கொண்டுபோய்க் கட்டுறது எனக்குச் சரியாப் படேல்லை. 2017ஆம் ஆண்டு டெங்கு வந்தது ஞாபகம் இருக்கோ? நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல, செத்தவை 400 பேருக்கு மேல. எங்கட ஒழுங்கையில மட்டும் ஆறு பேருக்கு வந்தது. எல்லாம் வசதியான பிளாட். எங்கட மகளும் ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் கிடந்தவ. நுளம்பு ஆற்றையும் வங்கிப் புத்தகத்தைப் பாத்துக் குத்துறேல்லை. மருந்தை இடையில விடுறது பிழை எண்டதையும் நாங்கள் சொல்லத்தான் வேணும். இலவசமாக் குடுக்கிற மருந்தை விட்டால் அது தன்னை மட்டும் பாதிக்கிற விசயமில்லை, பேரனையும் பாதிச்சிட்டுது.

---

ஓய்வுபெற்ற பரிசோதகர் எழுதியது:

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். சேவைக்காலத்தில் பெரும்பகுதி கொழும்பில்தான். இந்த இழையைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் டெங்கு. வெள்ளவத்தை ஐயா சொல்வது உண்மை. அந்த நுளம்பு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, தெளிந்த நீரைத்தான் தேடும். கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, லிஃப்ட் குழி, கட்டுமான இடத்துக் கொங்கிறீட் பள்ளம் எல்லாம் அதற்கு வசதி. கட்டடம் எழும்பும் இடங்களில் நான் அள்ளிய குடம்பிகளுக்கு (நுளம்புப் புழுக்களுக்கு) கணக்கில்லை. ஆகவே குத்துவதில் பேதமில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பேதம் அதற்குப் பிறகு வருகிறது. டெங்கில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும் நேரமல்ல, அது இறங்கும் நேரம். மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் விடும்போதுதான் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். மாதச் சம்பளக்காரர் அந்த நாட்களில் வீட்டில் படுத்திருப்பார், ஜீவனி (உப்புச் சர்க்கரைக் கரைசல்) குடிப்பார், தினமும் இரத்தம் சோதிப்பார், இரத்தச் சிறுதட்டு எண்ணிக்கை விழுந்தால் வார்டுக்குப் போவார். நாள்கூலிக்காரர் என்ன செய்வார்? "காய்ச்சல் விட்டுவிட்டது, கடவுள் புண்ணியம்" என்று சொல்லி வேலைக்குப் போய்விடுவார். வெயிலில் நின்று, தண்ணீரும் குடிக்காமல். இப்படிச் சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களை நானே கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, என் மனதில் இன்றும் உறுத்துவது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் நாங்கள் வழக்குப் போடலாம். ஒரு தோட்டத்தில் ஒரு தாய் நீலப் பீப்பாயில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். உள்ளே குடம்பி. வாராவாரம் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவு என்று நான் படித்ததை ஒப்புவித்தேன். கழுவத்தான் வேண்டும். உட்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்து போய் மாதக்கணக்கில் கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரிக்கும். அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பொதுக்குழாயைத் திறந்து காட்டினாள். நூல் மாதிரி வந்தது தண்ணீர். "இதைக் கவிழ்த்தால் நிரப்ப எனக்கு ஓர் இரவு போகும் மாத்தயா. பிள்ளைகளை எதில் குளிப்பாட்டுவது?" என்றாள். அன்று அவள்மீது வழக்கு எழுதினேன். இன்றைக்கென்றால் எழுதமாட்டேன், பீப்பாய்க்கு ஒரு மூடியும் வலையும் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

இனிக் காசநோய். தம்பி, கடைக்காரருக்குச் சொல்லுங்கள்: அது தரையால் வருவதில்லை, காற்றால் வருவது. இருமும்போது வெளிவரும் நுண்துளி, வெயிலும் காற்றோட்டமும் இல்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்து நிற்கும். உங்கள் மாமா வீட்டில் அலுமாரி மறைத்த அந்த ஜன்னல்தான் பாதி விளக்கம். மீதிப் பாதி வயிற்றில் இருக்கிறது. கிருமி உள்ளே போன எல்லோரும் நோயாளி ஆவதில்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக எழும்பும். மற்றவர்களுக்கு அது உறங்கியே கிடக்கும். உறங்குவதை எழுப்புவது பட்டினி, நீரிழிவு, மது, புகை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை ஒரு வருடத்துக்கு முந்தியதைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. அந்த மாதங்களில் பருப்பையும் முட்டையையும் விட்டுவிட்டுச் சோற்றுக்குச் சம்பலோடு நின்ற வீடுகள் எத்தனை! அந்த வீடுகளில் நெஞ்சுக்குள் உறங்கும் கிருமியை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றாவது, தாமதம். உங்கள் மாமா மூன்று மாதம் இருமினார் அல்லவா? அந்த மூன்று மாதம்தான் பரவிய காலம். ஒழுங்காக மருந்து தொடங்கினால் சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். அவர் ஏன் தாமதித்தார்? ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

---

மாளிகாவத்தை உம்மா எழுதியது:

பரிசோதகர் ஐயா சொன்ன பைப் கதைய வாசிச்சதும் எனக்கு 2020 கொரோனா காலம் ஞாபகம் வந்துட்டு.

மார்ச் 20 ஊரடங்கு போட்டாங்க. டீவியில ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்க, அடிக்கடி கை கழுவுங்க எண்டு சொல்லிட்டே இருந்தாங்க. எங்கட தோட்டத்துல பதினாலு வீட்டுக்கு ஒரு பைப், மூணு கக்கூசு. கை கழுவப் போறதுக்கே பத்துப் பேரோட நிக்கணும். எங்கட பொடியன்மார் பைப்படியில சோக்கால வட்டம் போட்டாங்க. தண்ணி சிந்திச் சிந்தி ரெண்டாம் நாளே வட்டம் அழிஞ்சிட்டு. திரும்பப் போட்டாங்க, திரும்பவும் அழிஞ்சிட்டு. பிறகு சோக்கும் முடிஞ்சிட்டு, கடையும் இல்ல.

எங்கட ஊட்டுக்காரர் திரீவீல் ஓட்டுறவர். ஊரடங்குல அது ஓடாது. நோன்பு மாசம். மே 21, பெருநாளைக்கு மூணு நாள் முந்தி, இங்க ஒரு இடத்துல ஸகாத் காசு குடுக்கிறாங்க எண்டு சனம் கூடின. நெரிசல்ல மூணு பொம்பளைங்க மௌத்தாகிட்டாங்க. கூட்டம் கூடாதே எண்டு ஊரே கத்திக்கிட்டு இருந்த நேரம் அது. அவங்களுக்குத் தெரியாமலா போனாங்க? ஊட்டுல அடுப்பு எரியாட்டி நீங்களும் போவீங்க.

பிறகு ஒக்டோபர்ல பேலியகொடை மீன் சந்தையில இருந்து கொழும்பு வடக்கு முழுக்கப் பரவிச்சு. அந்த நேரம் கொரோனாவில மௌத்தானவங்கட ஜனாஸாவைக் கட்டாயம் எரிக்கணும் எண்டு சட்டம். அடக்க அனுமதி கிடைச்சது 2021 பெப்ரவரி கடைசியில, பிறகுதான் ஓட்டமாவடியில அடக்கினாங்க. அதுக்கு இடையில எங்கட வரிசையில காய்ச்சல் வந்தாச் சொல்றதுக்கே பயந்தாங்க. உம்மாவ எரிச்சிடுவாங்களோ எண்டு மகன் டெஸ்டுக்கே விடல்ல. மறைச்ச காய்ச்சல் அடுத்த ஊட்டுக்குப் போச்சு. சனத்தை மதிக்காட்டி நோயும் வெளிய வராது, இத நான் கண்ணால கண்டன்.

---

பழைய கொழும்பு எழுதியது:

//சொன்னாலும் கேக்க மாட்டாங்க, அதான் நோய் விடுறதில்லை//

இந்தப் பேச்சு கொழும்பில் நூறு வருடத்துக்கும் மேல் பழையது. 1914இல் இங்கே பிளேக் நோய் வந்தது. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அரிசி கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். புறக்கோட்டை, செட்டியார் தெருப் பக்கத்து அரிசிக் கிட்டங்கிகளில் எலி பெருத்தது. கிட்டங்கிக்குப் பக்கத்திலேயே, சில இடங்களில் அதன் மேல்தட்டிலேயே, மூட்டை தூக்கிய கூலியாட்கள் நெருக்கியடித்துப் படுத்தார்கள். எலித்தெள்ளு கடித்தது அவர்களைத்தான், பழி விழுந்ததும் அவர்கள்மேல்தான். தம்பியின் மாமா மூட்டை சுமக்கும் தெருவும் அதே பேட்டைக்குள்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1934–35 மலேரியாவில் இந்த நாட்டில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் வற்றின. வற்றிய ஆற்றின் குட்டைகளில் நுளம்பு பெருகியது. அதே வரட்சியில் வயலும் விளையவில்லை, பொருளாதார மந்தத்தில் வேலையும் இல்லை. கேகாலை, குருநாகல் பக்கத்துக் கிராமங்களில் பசியும் காய்ச்சலும் ஒன்றாகவே வீட்டுக்குள் நுழைந்தன. கொயினா மருந்து குடுத்தால் போதாது, சாப்பாடும் குடுக்க வேண்டும் என்று அன்றே நிவாரணத்துக்குப் போனவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த நாடுதான் 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது. செய்ய முடியாத காரியமில்லை.

---

மட்டக்குளி மாடி எழுதியது:

தோட்டத்துல இருந்து மாடிக்கு மாத்தினா எல்லாம் சரியாகிடும்னு யாராவது எழுதுவாங்கன்னு பாத்தேன், எழுதல. ஆனா வெளியில நிறையப் பேர் அப்படி நினைக்கிறாங்க, அதனால நானே சொல்றேன். கொழும்புல 68,000க்கு மேற்பட்ட குடும்பம் இப்படித் தோட்டங்கள்ல இருக்குன்னு நகர அபிவிருத்தி அதிகார சபை கணக்குச் சொல்லித்தான் இந்த மாடி வீடுகளைக் கட்டத் தொடங்கினாங்க. நாங்க பதினோராவது மாடியில இருக்கோம்.

நல்லதை முதல்ல சொல்லணும். சொந்தக் கக்கூசு, வீட்டுக்குள்ளயே பைப். தோட்டத்துல இருந்தப்ப ஒவ்வொரு மழைக்கும் கானுத் தண்ணி அடுப்படிக்கு வரும், என் மகளுக்கு வயித்தால போகும். இங்க வந்த பிறகு அது நின்னு போச்சு. அதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனா வீடு சின்னது. மூத்தவன் கல்யாணம் முடிச்சு வாடகைக்கு வழியில்லாம மனைவி, கைக்குழந்தையோட திரும்ப இங்கதான் வந்துட்டான். இப்ப எட்டுப் பேர். நடுவுல நடக்கிறதுக்கு ஒரு இருட்டு ஓடை, ரெண்டு பக்கமும் வீட்டுக் கதவு. காத்து ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போறதுக்கு வழியில்லை. லிஃப்ட் ஒண்ணு பழுதானா மத்ததுல பன்னிரண்டு பேர் நெருங்கி நிப்போம். 2020 கடைசியில எங்க கட்டடத்தை மூடினப்ப, அந்த ஓடையிலதான் பிள்ளைகள் விளையாடினாங்க, அந்த ஓடையிலதான் அரிசிப் பையையும் வெச்சிட்டுப் போனாங்க.

வேலை அதே வேலைதான், அதே நாள்கூலிதான். அது மாறலையே.

---

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

எனக்கும் டீபி இருந்துச்சு. பேரை மறைச்சு எழுதுற இடம்ங்கிறதால சொல்றேன், என் சொந்தத் தங்கச்சிக்கே இது தெரியாது.

நான் வீட்டு வேலைக்குப் போறவள். இருமல் வந்தப்ப பிளேன்டீயில இஞ்சி போட்டுக் குடிச்சுட்டு, மேடம் கேக்காத மாதிரி பின்கதவுக்கு வெளிய போய் இருமுவேன். சொன்னா வேலை போகும். சொல்லல, ஆனா அவங்க எப்படியோ கண்டுபிடிச்சுட்டாங்க. வேலை போச்சு. வீட்டுல மாமியார் என் கோப்பையையும் தட்டையும் தனியா வெச்சாங்க. அதுல ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தாங்க, மாறிடக் கூடாதுன்னு. தட்டால பரவாதுன்னு கிளினிக்ல சொன்னதை நான் வந்து சொன்னா யாரும் நம்பல. மருந்து தொடங்கி ரெண்டு மாசம் கழிச்சு சளியில கிருமி இல்லைன்னு வந்தப்பவும் நூலை அவிழ்க்கல.

நான் ஆறு மாசமும் ஒழுங்காப் போட்டேன். ஏன் தெரியுமா? எங்க பக்கத்துக் கடைக்கார அண்ணன் ஒருத்தர், அவருக்கு மட்டும் விஷயம் தெரியும், ஆறு மாசமும் முட்டையும் கடலையும் கடனுக்குக் குடுத்தாரு. திருப்பிக் கேக்கவே இல்லை. வெறும் வயித்துல அந்தக் குளிசையப் போட்டா குமட்டும், பிறகு சாப்பிட ஒண்ணும் இல்லாட்டி எழும்பவே முடியாது. மாமாவைக் குறை சொல்றவங்க ஒரு வாரம் அந்தக் குளிசையப் போட்டுட்டு மூட்டை தூக்கிப் பாக்கட்டும்.

---

ஓய்வுபெற்ற பரிசோதகர் எழுதியது:

அக்கா சொன்ன முட்டையும் கடலையும் பற்றி ஒரு விபரம். இந்தியாவில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகள் 2,800 பேரின் வீடுகளில் ஆய்வு ஒன்று நடத்தினார்கள், முடிவு 2023இல் வெளியானது. பாதி வீடுகளில் நோயாளியோடு வாழும் மற்றவர்களுக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்துக் குளிசை கொடுத்தார்கள். மற்றப் பாதியில் நோயாளிக்கு மட்டும் உணவு. குடும்பத்துக்கே உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 வீதம் குறைந்தது. ஊசியும் இல்லை, புது மருந்தும் இல்லை. அரிசியும் பருப்பும்தான் செய்த வேலை அது.

கிராண்ட்பாஸ் தம்பி, உங்களுக்கு இரண்டு காரியம் சொல்கிறேன், தள்ளிப்போடாதீர்கள். பேரனுக்கும் நோய் என்று சொல்லிவிட்டார்கள், ஆகவே அந்த வீட்டில் உள்ள மற்ற எல்லோரையும் சோதிக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை வேறு இருந்தால், நோய் இல்லையென்று உறுதியான பிறகும் வராமல் தடுக்க மருந்து கொடுப்பார்கள். அதுவும் இலவசம். இரண்டாவது, மாமாவின் நேரப் பிரச்சினையைக் கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். கண்முன்னே மருந்து போடுவதை மேற்பார்வை செய்ய, வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ கிட்ட உள்ள மருந்தகத்தையோ பொறுப்பான ஒருவரையோ ஒழுங்கு செய்யக் கேட்கலாம். கேட்காதவருக்கு அது நடப்பதில்லை. வரிசையில் நிற்கும் நாட்டாமிக்கு இப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாது, அங்கேதான் நாங்கள் தோற்கிறோம்.

அந்த அலுமாரியையும் நகர்த்துங்கள். சுவர்தான் தெரியும் என்றாலும் பரவாயில்லை, மேலே ஒரு சாண் இடைவெளி இருந்தால் காற்று ஏறும்.

---

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

நான் முதல்ல எழுதினதை அழிக்கேல்லை, அது அப்படியே கிடக்கட்டும். ஆனால் ஒண்டு சொல்ல வேணும்.

எங்கட வீட்டுக்குக் கிழமையில நாலு நாள் ஒரு அம்மா வேலைக்கு வாறவ. போன மாதம் அவவுக்கு இருமல். பேரப்பிள்ளை வீட்டில நிக்கிறபடியால் ரெண்டு கிழமை வரவேண்டாம் எண்டு சொன்னனான். அந்த ரெண்டு கிழமைச் சம்பளத்தையும் வெட்டினனான். அது பிழை எண்டு அந்த நேரம் எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு ஒஃபிசில சுகவீன லீவுக்குச் சம்பளம் வந்தது, அதை நான் உரிமை எண்டு நினைச்சு எடுத்தனான்.

கொட்டாஞ்சேனை அக்காவின்ர பதிவை மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன். இண்டைக்குக் காலமை அந்த அம்மாவைக் கூப்பிட்டு வெட்டின காசைக் குடுத்தம். இருமல் இன்னும் இருக்குது. நாளைக்கு மனிசி அவவோட கிளினிக்குக்குப் போறா. அவ முதல்ல மாட்டன் எண்டவ. "வேலை போகாதோ துரை" எண்டு ரெண்டு தரம் கேட்டவ.

---

கிராண்ட்பாஸ் பையன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பரிசோதகர் ஐயா, நேத்து ராத்திரி அலுமாரியை நானும் மச்சானும் நகர்த்திட்டோம். பின்னாடி சுவர் கறுத்துப் போய் ஈரமா இருந்துச்சு. ஜன்னல் துருப்பிடிச்சு இறுகிப் போய் திறக்கவே கஷ்டம், சுத்தியலால தட்டித்தான் திறந்தோம். அத்தை கொஞ்ச நேரம் அதுகிட்டயே நின்னாங்க.

மாமாகூடப் பேசினேன். வெக்கப்பட்டாரு, அவர் கூட வேலை செய்றவங்களுக்குத் தெரியாதாம். அவர் சம்மதிச்ச பிறகு நாட்டாமிமாரோட தலைவர்கிட்ட நானே போய்ச் சொன்னேன். அவர் சொன்னாரு, காலையில மருந்துக்குப் போற நாள்ல மாமாவுக்குப் பத்து மணிக்கு மேல வர்ற லொறியில ஒரு பங்கு ஒதுக்கிறதாம், எடை குறைஞ்ச மூட்டைங்க. அவங்க அப்பாவும் இருமித்தான் செத்தாராம்.

வீட்டுல இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, ஒண்ணு மூணு வயசு, ஒண்ணு எட்டு. நாளைக்கு ஏழு மணிக்கு ரெண்டு பேரையும் அத்தையையும் கூட்டிட்டுப் போறேன். கடையில அரை நாள் லீவு கேட்டேன், சம்பளம் வெட்டுவாங்களாம். பரவாயில்லை, போறேன்.

---

மாளிகாவத்தை உம்மா எழுதியது:

தம்பி, வெறும் வயித்துல கூட்டிட்டுப் போகாதீங்க, வரிசை நீளம். பிள்ளைகளுக்கு பணிஸ் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க. என்ன சொன்னாங்க எண்டு வந்து எழுதுங்க.